ஜினகாஞ்சி: ஒரு சிற்றூரிலிருந்து வரலாற்றைப் படித்தல்

திருப்பருத்திக்குன்றம், காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரத்தில் வேகவதி ஆற்றை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர். ஜினகாஞ்சி என்பது இதன் மற்றொரு பெயர். பெரிய காஞ்சியைச் சிவகாஞ்சி என்றும் சின்னக் காஞ்சியை விஷ்ணுகாஞ்சி என்றும் அழைப்பது போல, சமணர் வாழ்ந்த இப்பகுதி ஜினகாஞ்சி எனப்பட்டது. இங்கு இரண்டு சமணக் கோயில்கள் உள்ளன. ஒன்று சந்திரபிரபர் கோயில். பல்லவர் காலத்து மணற்கல் கட்டடம், அளவில் சிறியது. மற்றொன்று திரைலோக்கியநாதர் கோயில். வர்த்தமானர் கோயில் என்றும் சொல்வர். பல்லவர் காலத்தில் தொடங்கி, சோழர் காலத்திலும் விஜயநகரக் காலத்திலும் பகுதி பகுதியாக வளர்ந்தது இது.

கோயிலைப் பற்றிய வழிகாட்டிக் குறிப்பு இக்கட்டுரையின் நோக்கமன்று. வரலாறு இன்று எவ்வாறு படிக்கப்படுகிறது, எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை மாணவர்களுக்கு விளக்க இந்த ஒரு ஊரே போதும் என்று தோன்றியதால் எழுதப்படுகிறது. காரணம் எளிது. பக்தி இயக்கத்தின் எழுச்சியால் ஏழாம் நூற்றாண்டில் தமிழகத்தில் சமணம் வீழ்ந்தது என்று நம்மில் பெரும்பாலோர் ஒரே வரியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த வரிக்கு ஏழு நூற்றாண்டுகள் பிந்திய மண்டபம் ஒன்று திருப்பருத்திக்குன்றத்தில் நிற்கிறது. அதன் கூரையில் அதற்கும் பிந்திய ஓவியங்கள் இருக்கின்றன. வரியும் மண்டபமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இப்படிப் பொருந்தாத இடத்திலிருந்துதான் வரலாற்று ஆய்வு தொடங்குகிறது.

ஓலையும் செப்பேடும்

முதலில் மிகப் பழைய சான்றுகளைப் பார்ப்போம். 'லோகவிபாகம்' என்ற சமண நூல் உலகத்தின் அமைப்பைச் சமண மரபின்படி விவரிப்பது. தீவுகள், கடல்கள், மேலுலகங்கள் என்று போகும் அந்த நூலில் அரசியல் வரலாறு எதுவும் இல்லை. ஆனால் இறுதியில் ஒரு குறிப்பு உண்டு. சர்வநந்தி என்பவர் பாடலிகா என்னும் ஊரில், காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல் மூலநூலை முடித்தார் என்கிறது அது. சக ஆண்டுடன் 78ஐக் கூட்டினால் கி.பி. 458 கிடைக்கும். முற்காலப் பல்லவரின் செப்பேடுகள் பொதுவாக ஆட்சியாண்டை மட்டுமே கூறும், சக ஆண்டைக் கூறா. ஆகவே அவர்களின் காலவரிசைக்கு இந்த ஒரு குறிப்பே நங்கூரமாக அமைந்தது. பல்லவர் காலத்தை அறிய நமக்கு உதவியது, சொர்க்க நரகங்களை விவரிக்கும் நூலின் கடைசி வரிகள். எந்தச் சான்று எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

அடுத்தது பள்ளன்கோவில் செப்பேடு. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் கிடைத்த இச்செப்பேடு வடமொழியும் தமிழும் கொண்டது. சிம்மவிஷ்ணுவின் தந்தையான சிம்மவர்மன், தன் ஆறாம் ஆட்சியாண்டில், பருத்திக்குன்றைச் சேர்ந்த வஜ்ரநந்தி என்னும் சமண முனிவருக்கு அமண்சேர்க்கை என்ற ஊரை அளித்ததை அது பதிவு செய்கிறது. நம் ஊரின் பெயர் 'பருத்திக்குன்று' என்று வரும் பழைய ஆவணம் இதுவே. கொடை அளித்தவன் மகேந்திரவர்மனின் பாட்டன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. செய்தி ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஆனால் செப்பேட்டின் எழுத்து வடிவம் அதற்குப் பிந்தியது. எனவே இது மூல ஏட்டின் பிற்காலப் படியாக இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். படி என்பதால் பொய் என்று ஆகிவிடாது. நம் வீடுகளில் நில ஆவணம் தொலைந்தால் சான்றுப்படி வாங்குவதில்லையா? ஆனால் படி எடுத்தவர் எதையேனும் சேர்த்தாரா, விட்டாரா என்ற கேள்வி உடன் வந்துவிடும்.

இரண்டாவது எச்சரிக்கை பெயர் பற்றியது. மதுரையில் திராவிட சங்கம் என்ற சமண முனிவர் கூட்டத்தை வஜ்ரநந்தி என்பவர் விக்கிரம ஆண்டு 526இல், அதாவது கி.பி. 470 அளவில், நிறுவியதாகத் தேவசேனரின் 'தர்சனசாரம்' கூறுகிறது. உடனே இரு வஜ்ரநந்திகளும் ஒருவரே என்று முடிவு கட்டும் ஆசை எழும். ஆனால் தர்சனசாரம் பத்தாம் நூற்றாண்டு நூல். சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள். பருத்திக்குன்றின் வஜ்ரநந்தியோ மதுரைச் சங்கம் தோன்றியதாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறை பிந்தியவர். குருவின் பெயரைச் சீடர் வழியில் மீண்டும் மீண்டும் சூடிக்கொள்வது சமண முனிவர் மரபு. பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து ஆளை ஒன்றாக்குவது, ஒரே பள்ளியில் படித்த இரண்டு முருகேசன்களுக்கு ஒரே மதிப்பெண் பட்டியல் கொடுப்பது போன்றது.

மகேந்திரவர்மனின் மதமாற்றம்

பாடநூல் வரியின் வேர் இங்கேதான் இருக்கிறது. சமணனாக இருந்த மகேந்திரவர்மன் அப்பரால் சைவனானான், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லால் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்பது நாம் அறிந்த கதை. இதன் மூலம் சேக்கிழாரின் பெரியபுராணம். அது 12ஆம் நூற்றாண்டு நூல். மகேந்திரனுக்கும் சேக்கிழாருக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகள் உள்ளன.

மகேந்திரன் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. திருச்சி மலைக் குகையில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, அரசன் எதிர்நெறியிலிருந்து திரும்பி இலிங்கத்தை நாடியதைக் குறிப்பதாக ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொருள் கொண்டார். பெரியபுராணச் செய்திக்குக் கல்வெட்டுச் சான்று கிடைத்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் அந்தச் செய்யுள் சிலேடை நிறைந்தது. இலிங்கம், எதிர்ப்பக்கம் என்ற சொற்கள் தருக்க நூலிலும் கலைச்சொற்கள். மத்தவிலாசம் என்ற அங்கத நாடகம் எழுதிய அரசனின் கல்வெட்டில் சொல்விளையாட்டு இருப்பதில் வியப்பில்லை. ஆகவே அது மதமாற்றத்தை ஐயமின்றி மெய்ப்பிக்கிறது என்று இன்று பலர் சொல்வதில்லை. ஒரு முடிவை ஏற்கனவே மனதில் வைத்துக்கொண்டு கல்வெட்டைப் படித்தால், கல்வெட்டும் அந்த முடிவையே சொல்வது போலத் தோன்றும்.

இதற்கு மேலும் ஒரு சாட்சி உண்டு. சீனப் பயணி யுவான் சுவாங் 640 அளவில் காஞ்சி பற்றி எழுதியபோது, நூறு அளவிலான பௌத்த மடங்களையும், எண்பது அளவிலான தேவாலயங்களையும் குறிப்பிட்டு, நிர்க்கிரந்தர் மிகப் பலர் என்றும் சொல்கிறார். நிர்க்கிரந்தர் என்பது திகம்பர சமணரைக் குறிக்கும். மகேந்திரவர்மன் மறைந்து பத்தாண்டு ஆனபின், அவன் தலைநகரில், மிகப் பலர்!

சமணரைக் கழுவேற்றிய கதையையும் இங்கே தொட்டுச் செல்ல வேண்டும். இது மதுரையைச் சேர்ந்த செய்தி என்றாலும், இன்று சமணம் என்ற சொல்லைச் சொன்னாலே இணையத்தில் முதலில் வந்து விழுவது எண்ணாயிரம் என்ற எண்தான். சம்பந்தருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய நம்பியாண்டார் நம்பியின் பாடல்களிலும், பின்னர் பெரியபுராணத்திலும் இச்செய்தி வருகிறது. சம்பந்தர் காலத்துக் கல்வெட்டு எதுவும் இதைக் கூறவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் இதை வரலாறாகக் கொள்ள இயலாது என்றே எழுதினார். அதே பாண்டிய நாட்டில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் கழுகுமலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டன. மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் ஒன்பதாம் நூற்றாண்டில் சித்தன்னவாசல் குகையைப் புதுப்பித்தார்.

இதை வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்கவில்லை, எல்லோரும் கூடிக் குலாவி வாழ்ந்தார்கள் என்று சொல்பவர்களும் இன்று உண்டு. அதுவும் தவறு. சம்பந்தரின் பதிகங்களில் பத்தாம் பாடல் பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் சாடுவதற்கே ஒதுக்கப்பட்டது. பகை இருந்தது, போட்டி இருந்தது, அரச ஆதரவு ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்ந்தது. எண்ணாயிரம் என்பதற்குச் சான்று இல்லை என்பதும், பகை இருந்தது என்பதற்குச் சான்று உண்டு என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கட்சி கட்டிப் பேசுவோருக்கு இது பிடிக்காது.

இருகப்பனின் மண்டபம்

இனி கல்லுக்கு வருவோம். திரைலோக்கியநாதர் கோயிலில் சோழர் காலத்திலிருந்து விஜயநகரக் காலம் வரை கல்வெட்டுகள் உள்ளன. சமணப் பள்ளிக்கு அளிக்கப்பட்ட இறையிலி நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். குலோத்துங்கன், விக்கிரம சோழன் போன்ற, சிவபக்தியில் குறைவில்லாத சோழர்களின் ஆட்சியிலும் இக்கோயில் கொடைகளைப் பெற்று வந்தது. ஏழாம் நூற்றாண்டில் முடிந்துபோன சமயத்துக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் யார் நிலம் கொடுப்பார்?

இக்கோயிலில் மிகப் புகழ்பெற்றவை இருகப்பன் என்ற விஜயநகரத் தண்டநாயகனின் இரண்டு கல்வெட்டுகள். இவற்றை ஹுல்ட்ஷ் 'எபிகிராபியா இண்டிகா' ஏழாம் தொகுதியில் வெளியிட்டார். ஒன்று தமிழில் உள்ளது. துந்துபி ஆண்டில், அரிகரராயன் மகன் புக்கராயனின் புண்ணியத்துக்காக, வைசயனின் மகன் இருகப்பன் மகேந்திரமங்கலம் என்ற ஊரைக் கோயிலுக்குப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்ததைக் கூறுகிறது. மற்றொன்று கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் செய்யுள். பிரபவ ஆண்டில், தன் குரு புஷ்பசேனரின் ஆணைப்படி இருகப்பன் மண்டபம் கட்டியதைச் சொல்கிறது. இதுவே இன்று சங்கீத மண்டபம் எனப்படுவது.

இவ்விரண்டையும் நூல்கள் 1382, 1387 என்று குறிக்கின்றன. கல்வெட்டில் இந்த எண்கள் இல்லை. பின் எப்படி வந்தன? இதை மாணவர்கள் ஒருமுறை தாங்களே செய்து பார்க்க வேண்டும்.

பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகள் அறுபது. நம் காலத்தில் 1987 சித்திரையில் பிரபவ ஆண்டு பிறந்தது. அறுபது அறுபதாகப் பின்னே சென்றால் 1927, 1867 என்று போய், பத்தாவது படியில் 1387 வரும். ஆனால் 1327இலும் 1447இலும்கூடப் பிரபவ ஆண்டு உண்டு. இவற்றுள் எது? ஆண்டுப் பெயர் மட்டும் இதைச் சொல்லாது. அரசன் பெயர் உதவும். அரிகரன் மகன் புக்கன் என்றால் இரண்டாம் அரிகரனும் அவன் மகன் இரண்டாம் புக்கனும். விஜயநகர அரசு தோன்றியதே 1336இல் என்பதால் 1327 தானாக விலகும். 1447ஐ விலக்க, அறுநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹம்பிக்குப் போக வேண்டும். அங்கே கணிகித்தி கோயில் என்று மக்கள் அழைக்கும் சமணக் கோயிலின் முன்னுள்ள விளக்குத்தூணில் ஒரு கல்வெட்டு உண்டு. இதே இருகப்பன் குந்து ஜினநாதருக்குக் கோயில் எடுத்ததைச் சொல்லும் அக்கல்வெட்டு, சக ஆண்டு 1307 என்று எண்ணையே தருகிறது. 78ஐக் கூட்டினால் 1385. அது குரோதன ஆண்டு. குரோதனத்துக்கு இரண்டு ஆண்டு கழித்துப் பிரபவ. கணக்கு பொருந்துகிறது. காஞ்சிக் கல்லின் தேதியை ஹம்பிக் கல் உறுதி செய்கிறது.

நூலில் நாம் ஒரு நொடியில் படித்துக் கடக்கும் '1387' என்ற எண்ணுக்குள் இத்தனை வேலை ஒளிந்திருக்கிறது. வரலாற்றுப் பாடம் என்றாலே ஆண்டுகளை மனப்பாடம் செய்வது என்ற வெறுப்பு மாணவரிடம் வந்ததற்கு, ஆண்டு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் ஆண்டை மட்டும் சொன்னதே காரணம் என்பது என் கருத்து.

இருகப்பன் வெறும் படைத்தலைவன் அல்லன். 'நானார்த்த ரத்னமாலா' என்ற வடமொழி அகராதியையும் இயற்றியவன். சைவ, வைணவச் சார்புடைய அரசின் கீழ்ச் சமணன் ஒருவன் உயர்பதவியில் இருந்தான், தலைநகரிலும் காஞ்சியிலும் தன் சமயத்துக்குக் கோயிற்பணி செய்தான். சமணர்க்கும் வைணவர்க்கும் எழுந்த பூசலை முதலாம் புக்கன் 1368இல் தீர்த்து வைத்ததைச் சிரவணபெளகொளக் கல்வெட்டு சொல்கிறது. பூசலும் இருந்தது, தீர்ப்பும் இருந்தது.

கல்வெட்டு சொல்லாதவையும் உண்டு. மண்டபத்தின் கல்லை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், தச்சர் யார், கூலி என்ன, மகேந்திரமங்கலத்து உழவர்கள் தங்கள் ஊர் கைமாறியதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. கல்வெட்டு கொடுத்தவனின் குரல், பெற்றவர்களும் உழைத்தவர்களும் அதில் பேசுவதில்லை.

கூரையில் எழுதிய கதை

சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ஓவியங்கள் உள்ளன. ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வரலாறும், நேமிநாதரின் உறவினனாகச் சமண மரபு கூறும் கண்ணனின் கதையும், தருமதேவியின் கதையும் பட்டை பட்டையாகத் தீட்டப்பட்டுள்ளன. காட்சிகளின் கீழே தமிழில் விளக்க வரிகள் உண்டு. மண்டபம் கட்டிய காலத்தை ஒட்டிய பழைய ஓவியத்தின் சிறு பகுதிகளும், பிற்காலத்து ஓவியங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஓவியத்தில் தேதி இல்லை. கோடு, வண்ணம், ஆடை, எழுத்து இவற்றை வைத்தே காலம் கணிக்கிறார்கள்.

இவற்றை முறையாக ஆராய்ந்து தி.நா. இராமச்சந்திரன் எழுதிய நூல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக 1934இல் வந்தது. கட்டடம், கல்வெட்டு, ஓவியம், சமணப் புராணம் நான்கையும் ஒரே ஊரை மையமாக வைத்து இணைத்த அந்த நூலுக்கு இணையாக, தமிழகத்தின் வேறு சிற்றூர்களில் மிகச் சிலவற்றுக்கே நூல்கள் உண்டு. கண்ணன் கதை சமணக் கோயிலில் ஏன் இருக்கிறது என்று வருவோர் கேட்பது வழக்கம். இதிகாச மாந்தரைச் சமணரும் தம் முறையில் சொந்தமாக வைத்திருந்தனர் என்பதை விளக்கினாலே, சமயங்களுக்கு இடையே இரும்பு வேலி இருந்தது என்ற எண்ணம் தளரும்.

எழுதியவர்களும் கேள்விகளும்

ஹுல்ட்ஷ் 1886இல் அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றார். அவர் தலைமுறையின் கேள்வி, எந்த அரசன், எந்த ஆண்டு என்பது. அது தேவையான கேள்வி. அடித்தளம் இல்லாமல் சுவர் எழுப்ப முடியாது. மயிலை சீனி. வேங்கடசாமி வேறு கேள்வி கேட்டார். தமிழுக்குச் சமணர் செய்தது என்ன என்பது அது. பள்ளி ஆசிரியராக வாழ்ந்த அவர் எழுதிய 'சமணமும் தமிழும்' 1954இல் வெளிவந்தது. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அவர் ஒரு தனிப் பெருமை. பி.பி. தேசாய் 1957இல் தென்னிந்தியச் சமணம் பற்றியும், ஏகாம்பரநாதனும் சிவப்பிரகாசமும் 1987இல் தமிழகச் சமணக் கல்வெட்டுகளைப் பட்டியலிட்டும் நூல்கள் தந்தனர்.

பிறகு கேள்வியே மாறியது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை ஒன்றொன்றாகப் படிப்பதோடு நில்லாமல், ஆயிரக்கணக்கில் திரட்டி எண்ணினர். நிலம் யாரிடம் இருந்தது, எந்த வரி எப்போது தோன்றியது, எந்தப் பட்டப்பெயர் எங்கே மிகுதி என்று கணக்கெடுத்தனர். லெஸ்லி ஓர் கோயில் கல்வெட்டுகளில் வரும் பெண்களைத் தேடினார். எம்மா ஸ்டைன் 2021இல் வெளிவந்த நூலில், காஞ்சியைத் தனித்தனிக் கோயில்களாக அன்றி, பாதைகளும் நீர்நிலைகளும் சுற்றூர்களும் சேர்ந்த நகரமாகப் பார்த்தார். கல் அதேதான். கேட்கும் கேள்வி புதிது என்பதால் விடையும் புதிது.

பருத்தியும் பட்டும்

சமணத்துக்குக் கேட்ட அதே கேள்விகளை ஊரின் தொழிலுக்கும் கேட்கலாம். காஞ்சி என்றால் பட்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டு நெய்யும் ஊர் என்று கடைப் பைகளில் அச்சிடுகிறார்கள். தேவர்களுக்குத் தாமரை நாரால் ஆடை நெய்த மார்க்கண்டேயரின் வழிவந்தவர்கள் நெசவாளர்கள் என்ற மரபுக் கதையும் உண்டு.

சான்று என்ன? சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடு பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காஞ்சியில் ஊரகத்துப் பெருமாள் கோயில் நிர்வாகம் பற்றியது. அதில் காஞ்சியின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்ற நெசவாளர் குறிக்கப்படுகின்றனர். கோயில் கணக்கைப் பார்க்கும் பொறுப்பும் அவர்களிடம் இருந்தது. இதைக் கண்டதும் 'பட்டு' என்று தாவிவிடக் கூடாது. பட்டம் என்ற வடசொல் பொதுவாகத் துணியையும் குறிக்கும், பட்டையும் குறிக்கும். நெசவு ஆயிரம் ஆண்டு பழையது என்பதற்கு இந்தச் செப்பேடு உறுதியான சான்று. இன்று நாம் காணும் ஜரிகைப் பட்டுப்புடவை ஆயிரம் ஆண்டு பழையது என்பதற்கு இது சான்றாகாது. பட்டு நகரத்தின் ஓரத்தில் உள்ள ஊருக்கே பருத்தியின் பெயர் இருக்கிறது. அதை வைத்து இங்கே பருத்தி விளைந்தது, பருத்தி வாணிகம் நடந்தது என்று விளக்கம் கட்டுவதும் எளிது. ஆனால் ஊர்ப்பெயர் மட்டும் தனியே நின்று எதையும் மெய்ப்பிக்காது.

நெசவாளரைப் பற்றிய ஆவணங்கள் பெரும்பாலும் வரி வாங்கியவர்களும் கொடை கொடுத்தவர்களும் எழுதியவை. தறியில் உட்கார்ந்தவர் எழுதியது குறைவு. இதனால்தான் வாய்மொழி வரலாறு இன்று முக்கியத்துவம் பெறுகிறது. கோர்வைப் புடவைக்கு உடலும் கரையும் வெவ்வேறு நிறம். அதை நெய்ய நெசவாளர் ஒருவர் போதாது, மறுபக்கம் ஊடை போட இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் பிள்ளைகளின் கையாக இருந்தது. பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போன ஆசிரியர்கள் அந்தப் பிள்ளையைத் தறிமேடையில் கண்டதுண்டு. முன்பணம் வாங்கிய கடன், கூலிக் கணக்கு, கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு ஏற்பட்ட மாற்றம் இவற்றையெல்லாம் இன்று எழுபது வயதைத் தாண்டிய நெசவாளர்கள் நினைவிலிருந்து சொல்வார்கள். நினைவு தவறலாம். ஆகவே ஒருவர் சொல்வதை மற்றொருவரிடம் கேட்டு, கூலிச்சீட்டு கிடைத்தால் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செப்பேட்டுக்குச் செய்த சோதனைதான் இதுவும்.

அழிந்தவர்கள் யார்?

சமணம் வீழ்ந்தது என்ற வரிக்குத் திரும்புவோம். அது வெறும் தேர்வு விடையாக இருந்தால் இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. என் வகுப்பில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி இருந்தாள். நயினார் குடும்பம். தமிழ்ச் சமணரை அந்தப் பக்கத்தில் நயினார் என்பார்கள். இந்தப் பாடம் நடந்த அன்று எழுந்து, "சார், அப்போ நாங்க யாரு?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

தமிழ்ச் சமணர் வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் உழவும் பிற தொழிலும் செய்து இன்றும் வாழ்கின்றனர். அவர்களின் மடம் செஞ்சி அருகே மேல்சித்தாமூரில் உள்ளது. அது இன்றும் ஜினகாஞ்சி மடம் என்றே பெயர் தாங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் சமணர் ஏறத்தாழ 89,000 பேர் என்கிறது. இதில் வடமாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பங்களும் அடக்கம். கணக்கெடுப்புப் படிவம் இருசாராரையும் பிரித்துக் கேட்கவில்லை. அதனால் தமிழ்ச் சமணரின் எண்ணிக்கை அந்த எண்ணுக்குள் மறைந்து போகிறது. நேற்றைய கல்வெட்டுக்கு மட்டுமல்ல, இன்றைய புள்ளிவிவரத்துக்கும் கேட்டது மட்டும்தான் பதிலாக வரும்.

ஆகவே வீழ்ச்சி என்ற சொல்லுக்குப் பதிலாக, ஏழாம் நூற்றாண்டு முதல் அரச ஆதரவும் நகரச் செல்வாக்கும் படிப்படியாகக் குறைந்தன, ஆனால் வட தமிழகத்தின் ஊர்ப்புறங்களில் நிலத்தோடும் பள்ளிகளோடும் சமணம் தொடர்ந்தது என்று எழுதலாம். வரி நீளும், மனப்பாடம் செய்யக் கடினம். சான்றோடு பொருந்தும்.

இன்றைய நிலை

இன்று வரலாற்றில் ஆர்வம் காட்டுவோர் பெருகிவிட்டனர். கீழடிக்குப் பிறகு தேநீர்க் கடையிலும் தொல்லியல் பேசப்படுகிறது. இது நல்லது. வார இறுதியில் இளைஞர்கள் கூட்டமாகச் சமணக் குன்றுகளுக்கும் பழங்கோயில்களுக்கும் போகிறார்கள். படம் எடுக்கிறார்கள். முன்பு பல்கலைக்கழக நூலகத்தில் மட்டும் கிடைத்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இன்று கைப்பேசியில் கிடைக்கின்றன. மறுபக்கம், யார் எழுதியது என்று தெரியாத செய்திகள் காலை வணக்கத்தோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. அவற்றில் ஆண்டு இருக்கும், சான்று இருக்காது. ஒரு செய்தி வந்தால் கேட்க வேண்டியது, இது எந்த ஊர்க் கல்வெட்டு, எந்தத் தொகுதி, யார் படித்தது என்பதே. பதில் இல்லையென்றால் அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் விடுவதும் ஒருவகை வரலாற்றுப் பணிதான்.

கல்லும் நிலையானதன்று. திருப்பணி என்ற பெயரில் பல கோயில்களில் மணலை வேகமாக வீசிச் சுவரைத் தேய்த்தார்கள். கல் பளிச்சென்று ஆயிற்று, எழுத்து போயிற்று. சுண்ணாம்பும் எண்ணெய் வண்ணமும் பூசி மறைத்த எழுத்துகளும் ஏராளம். அப்படிப்பட்ட இடங்களில் பழைய மைப்படியே எஞ்சிய சான்று. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பது மைப்படி. தமிழகத்தில் நூறாண்டுக்கு மேலாக எடுக்கப்பட்ட மைப்படிகள் மைசூருவில் மத்தியக் கல்வெட்டுப் பிரிவில் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு 2021இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. படிக்கப்பட்டு அச்சில் வராத கல்வெட்டுகள் இன்னும் ஆயிரக்கணக்கில் உள்ளன.

காஞ்சிபுரத்து மாணவர்கள் திருப்பருத்திக்குன்றத்துக்குச் சென்றால் மூன்றைப் பார்க்கலாம். கோயில் பிராகாரத்தில் உள்ள குரா மரமும் அதன் மேடையில் உள்ள தமிழ்ச் செய்யுளும் ஒன்று. மரம் தன்னளவில் குன்றாமலும் உயராமலும் நிற்பதாக அச்செய்யுள் சொல்கிறது. மரத்தின் வயது ஒரு கேள்வி, செய்யுளின் வயது வேறு கேள்வி. இருகப்பன் உருவம் என்று அடையாளம் காணப்படும் தூண் சிற்பம் மற்றொன்று. மூன்றாவது விதான ஓவியங்களும் அவற்றின் கீழுள்ள எழுத்துகளும். இராமச்சந்திரன் நூலில் 1934ஆம் ஆண்டுப் படங்களும், அவர் அன்று படித்த விளக்க வரிகளும் உள்ளன. நூலைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டை பட்டையாக இன்றைய விதானத்தோடு ஒப்பிட்டு, எந்தக் காட்சி தெரிகிறது, எது மங்கியது, எது பின்னர் தீட்டப்பட்டது போல் இருக்கிறது, எந்த வரியில் எத்தனை எழுத்து மிச்சம் என்று ஒரு பதிவேட்டில் குறிக்க இரண்டு பேருக்கு இரண்டு நாள் போதும். கழுத்து வலிக்கும். மதியத்துக்கு முன் சென்றால் வெளிச்சம் நன்றாக இருக்கும்.